ஞானதுரை வீட்டுத் தட்டு

புளியந்தோப்பு நெடுஞ்சாலையில் நெல்சன் பாத்திரக் கடை வாசலில், குடங்களுக்கும் குக்கர்களுக்கும் நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் சங்கமித்ராவைத் தெரியாத குடித்தனம் அந்தப் பக்கம் கிடையாது. பாத்திரத்தில் பேர் வெட்டுவது அவள் தொழில். பேனா மாதிரி ஒரு சின்ன மிஷின், அதன் ஒயர் கடைக்குள் போய் நெல்சனின் பிளக்கில் சொருகியிருக்கும். டர்ர் என்று ஒரு சத்தம் கேட்டால் ஒரு எழுத்து விழுந்தது என்று அர்த்தம். புருஷன் போன பிறகு அந்த முக்காலியும் பிளக்கும்தான் அவளுக்குச் சோறு போட்டன. மகள் மகிழினியை எண்ணூரில் கட்டிக் கொடுத்ததும் அந்த டர்ர் சத்தத்தில்தான்.

பாத்திரத்தில் பேர் வெட்டுவது ஏதோ பெருமைக்கு என்று தனி வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்ளட்டும். சங்கமித்ரா குடியிருக்கும் ஹவுசிங் போர்டில் அது பாத்திரம் வீடு திரும்புவதற்கான விலாசம். ஒரு வீட்டில் காதுகுத்து என்றால் பத்து வீட்டுத் தட்டு, தாம்பாளம், அண்டா எல்லாம் அங்கே போய்விடும். விசேஷம் முடிந்ததும் கழுவிக் கொண்டுவந்து சங்கமித்ராவின் கதவுக்கு முன்னால் குவித்துவிடுவார்கள். வெட்டினவள் அவள்தானே, பிரித்துக் கொடுப்பதும் அவள்தான். இது லட்சுமணன் வூடு, இது கார்குழலி வூடு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள். அதற்குச் சட்டம் மாதிரி ஒரு வழக்கம் உண்டு. அன்பளிப்பு என்று போட்டுப் பேர் இருந்தால் அது கொடுத்தவர் பேர். வெறும் பேர் மட்டும் இருந்தால் அது உடையவர் பேர், பாத்திரம் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு, அது எல்லா ஊரிலும் உள்ளதுதான்: இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது. ஒரு பிடி அரிசியோ சர்க்கரையோ, ஒன்றுமில்லாவிட்டால் நாலு கொத்து முருங்கைக்கீரையோ அதில் இருக்க வேண்டும்.

அவளுடைய அப்பா அன்பரசன் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு வாரப் பத்திரிகை அச்சகத்தில் பைண்டராக இருந்தார். அந்தக் காலத்தில் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணி வைத்துக்கொள்ளும் பைத்தியம் பல வீடுகளில் இருந்தது. அப்பா அந்த வேலையை வீட்டிலும் செய்வார். அப்படிப் பைண்டு பண்ணக் கொடுத்துவிட்டு யாரோ வாங்க வராமலே போன ஒரு புத்தகம் சங்கமித்ராவிடம் இன்னும் இருக்கிறது. கதையில் கதாநாயகி அத்தியாயத்துக்கு ஒரு தடவை அழுவாள். சங்கமித்ரா அதைப் படித்ததே இல்லை. பக்கத்தின் மூலையில் மிச்சமான இடத்தில் போட்டிருக்கும் நகைச்சுவைப் படங்களைத்தான் பார்ப்பாள்.

அந்தப் படங்களில் பணக்காரன் என்றால் தொப்பை, பத்து விரலிலும் மோதிரம். ஏழை என்றால் விலா எலும்பு, ஒட்டுப்போட்ட துணி, கையில் திருவோடு. பணக்காரன் கஞ்சனாக இருப்பான், அல்லது விளம்பரப் பிரியனாக இருப்பான். ஏழை ஏழையாக இருப்பான், அவ்வளவுதான். அவளுக்கு ரொம்பப் பிடித்த படம் ஒன்று. தனவான் அன்னதானம் செய்கிறார். தட்டு நிறைய அவர் பேர் கொட்டை எழுத்தில். பரிமாறுகிறவனைப் பார்த்துக் கத்துகிறார்: "சாதத்தைக் குறைத்துப் போடு ஓய், என் பேர் மறைகிறது பார்!"

சின்ன வயதில் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். பசை தடவிக்கொண்டிருந்த அப்பா ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "தமாஷு நல்லாத்தான் கீது. நம்பள மாரி ஆளு மட்டும் எந்தப் படத்துலயும் கைய நீட்டிகினே கீறான் பாரு" என்றார். அவள் அப்புறம் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தாள். ஒரு படத்திலாவது அந்த ஒட்டுத்துணிக்காரன் எதையாவது கொடுக்கிறானா என்று தேடினாள். இல்லை. அந்த எரிச்சல் அவளுக்கு இந்த ஐம்பது வயதுக்கு மேலும் போகவில்லை.

போன மழைக்கு வழக்கம்போல வெள்ளம் வந்தது. வழக்கம்போல என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது. கீழ்த்தளத்து வீடுகளில் கட்டில் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. பைண்டு புத்தகம் பரணில் இருந்ததால் தப்பியது. பாத்திரங்கள் மிதந்து போய்விட்டன. சங்கமித்ராவின் குடம் ஒன்றைக் கன்னிகாபுரத்திலிருந்து ஒரு ஆள் தேடிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனான், அதில் பேர் இருந்ததால். அவளுக்கு அன்றைக்குத் தன் தொழிலை நினைத்துப் பெருமையாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பூவம்மாவுக்குத்தான் கரண்டி ஒன்றைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. ஆட்டுத்தொட்டியில், அதாவது கார்ப்பரேஷன் கசாப்புக்கூடத்தில், கூட்டிப் பெருக்கி ஓய்வு பெற்றவள் பூவம்மா. படிக்கத் தெரியாது. பேர் வெட்டி என்ன ஆகப்போகிறது என்று எல்லாப் பாத்திரத்திலும் மூன்று புள்ளி வைக்கச் சொல்லி அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்வாள். மூன்று புள்ளியைப் பார்த்து யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்?

தண்ணீர் வடிந்த பிறகு ஞானதுரை வந்தார். அதாவது அவருடைய மேனேஜர் அலெக்ஸாண்டர் வந்தார். ஞானதுரை ராயபுரத்தில் பிறந்து, மணலி பக்கம் கன்டெய்னர் யார்டு வைத்து, காலடிப்பேட்டையில் மாடி வீடு கட்டினவர். வெள்ளம் பாதித்த குடும்பங்களுக்குச் சாப்பாடு போட்டு ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டும் கொடுப்பதாக ஏற்பாடு. தட்டு நெல்சன் கடையில் வாங்கினார்கள். நெல்சன் வாயெல்லாம் பல்லாக நின்றார். இது நல்லபடியாக முடிந்தால் ஈஸ்டருக்குக் கொடுக்கப்போகும் குடமும் அவர் கடையில்தான் என்று அலெக்ஸாண்டர் சொல்லியிருந்தார்.

"நடுவுல வெட்டணும்மா. அன்பளிப்பு ஞானதுரைன்னு. பெருசா" என்றார் அலெக்ஸாண்டர்.

"ஓரத்துல வெட்டினா பாக்க லட்சணமா இருக்கும் சார். நடுவுல சோறு துன்ற இடம்."

"ஓரத்துல இருந்தா ஃபோட்டோவுல விழாதும்மா."

அவள் ஒரு தட்டில் வெட்டிக் காட்டினாள். அன்பளிப்பு பெரிய வார்த்தை. அதையும் போட்டுப் பேரையும் போட்டால் இரண்டுமே சின்னதாகிவிட்டன. அலெக்ஸாண்டர் தட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அன்பளிப்ப எடுத்துடுங்க. பேர் மட்டும் போதும்" என்றார்.

"வெறும் பேர் போட்டா அது அவரு வூட்டுத் தட்டுன்னு ஆயிடும் சார்."

"சொன்னதைச் செய்யுங்கம்மா."

நெல்சன் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார். பிளக் அவருடையது. சங்கமித்ரா அத்தனை தட்டிலும் ஞானதுரை, ஞானதுரை என்று வெட்டித் தள்ளினாள். வேலை முடிந்தபோது மிஷின் பிடித்த விரல் மரத்துப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிளாக்குகளுக்கு நடுவே பந்தல் போட்டார்கள். ஞானதுரையைப் பார்த்ததும் சங்கமித்ராவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தொப்பையும் இல்லை, மோதிரமும் இல்லை. ஜிம்முக்குப் போகிற உடம்பு, டீ சர்ட், வெள்ளை ஷூ. பந்தலிலேயே பெரிய தொப்பை ஷேர் ஆட்டோ லட்சுமணனுக்குத்தான் இருந்தது. படம் போடுகிறவர்கள் இப்போது இருந்தால் யாருக்கு எதைப் போடுவது என்று தெரியாமல் திண்டாடிப் போவார்கள்.

மைக்கில் ஒருவர் ஞானதுரையின் பெருமையைப் பேசினார். பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். தட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பிரியாணி வந்தது. ஞானதுரையே கரண்டியைப் பிடித்தார், ஃபோட்டோக்காரர் குனிந்தார். அப்போது அலெக்ஸாண்டர் ஓடிவந்து அவர் காதோரம் சொன்னது வரிசையில் நின்ற சங்கமித்ராவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"கொஞ்சமா வைங்கண்ணே, பேர் மறையுது. ஃபோட்டோ எடுத்ததும் நிறைய வெச்சிக்கலாம்."

அவள் சிரித்துவிட்டாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வரிசையே திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷம் பரணில் கிடந்த படம் எழுந்து வந்து பந்தலில் நிற்கிறது என்று யாரிடம் சொல்லிப் புரியவைப்பது? பூவம்மா முழங்கையால் இடித்து, "இன்னாமே ஆச்சு உனுக்கு? சோத்துக்கு நிக்கற எடத்துல இன்னா சிரிப்பு?" என்றாள்.

சாப்பாடு முடிந்தது. ஞானதுரையின் ஆட்கள் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் சங்கமித்ரா கதவைத் திறந்தால் வாசலில் தட்டுக் குவியல். கழுவித் துடைத்து, ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்கள். விசேஷம் முடிந்தால் பாத்திரம் வருகிற இடத்துக்கு அது வந்துவிட்டது. கடைசியாகப் பூவம்மா தன் தட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இதுல யாரு பேரு போட்டுகீது மித்ரா?"

"ஞானதுரைன்னு போட்டுகீதுக்கா."

"அப்ப அவரு வூட்டுக்கு அனுப்பிச்சுடு."

சங்கமித்ரா கணக்குப் போட்டுப் பார்த்தாள். தட்டெல்லாம் திரும்பிப் போனால் ஞானதுரைக்கு அவமானம். அவருக்கு அவமானம் என்றால் நெல்சனுக்கு ஈஸ்டர் குடம் போச்சு. நெல்சனுக்குப் போனால் முக்காலியும் பிளக்கும் போச்சு. வீடு வீடாகப் போய், இது நமக்குக் கொடுத்ததுதான், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள்.

கார்குழலிக்குக் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். அவள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாப்ள வூட்டாரு பொண்ணு பாக்க வந்தா இதுல சோறு போட முடியுமாக்கா? இன்னாம்மா, தட்டு எரவலான்னு கேக்க மாட்டாங்க?" என்றாள்.

"தானம் குடுத்த மாட்ட பல்லப் புடிச்சுப் பாக்கலாமா?" என்று லட்சுமணன் நடுவே புகுந்தான்.

"ஆட்டுத்தொட்டில எத்தினி மாட்ட பாத்துகீறேன்" என்றாள் பூவம்மா. "சூடு எவன் போட்டானோ மாடு அவனுது. நீ பேசாத குந்து."

சங்கமித்ரா கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தாள். "வூட்லயே வெச்சிக்கோங்க. ஓரத்துல உங்க பேர நானே சும்மா வெட்டித் தரேன்."

பூவம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நடுவுல அவுரு, ஓரத்துல நானா?"

அன்றைக்கு ராத்திரிச் சோற்றைச் சங்கமித்ரா அந்தத் தட்டில்தான் போட்டுக்கொண்டாள், வீட்டில் வேறு தட்டும் கிடையாது. தின்னத் தின்ன சோறு குறைந்தது, சோறு குறையக் குறைய பேர் தெரிந்தது. ஞா வந்தது, ன வந்தது. தானே வெட்டின எழுத்து. கடைசிக் கவளத்தை அப்படியே வைத்துவிட்டாள். கோபம்தான், வேறு ஒன்றுமில்லை. கையைக் கழுவிவிட்டு லட்சுமணனைக் கூப்பிட்டு, காலையில் வண்டி வேண்டும் என்றாள்.

வெறுந்தட்டை அனுப்பக்கூடாது என்பதில் பூவம்மா உறுதியாக நின்றாள். வெள்ளத்துக்குப் பிறகு யார் வீட்டில் என்ன இருக்கும்? ரேஷன் சர்க்கரை இருந்தது. வீட்டுக்கு ஒரு பிடி என்று அடுக்கின் மேலிருந்த தட்டில் போட்டார்கள். குமித்துப் போட்டதில் பேர் சுத்தமாக மறைந்துவிட்டது. ஈ மொய்க்காமல் ஒரு துணியை மூடி, சங்கமித்ராவும் பூவம்மாவும் அடுக்கைக் காலுக்கு நடுவே பிடித்துக்கொண்டு உட்கார, லட்சுமணன் தண்டையார்பேட்டை தாண்டி லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து காலடிப்பேட்டை கொண்டுபோய்ச் சேர்த்தான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்களே, அந்த மாதிரி வாசலில் அலெக்ஸாண்டர்தான் முதலில் வந்தார். தட்டைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது.

"என்னம்மா இது? இதெல்லாம் உங்களுக்குக் குடுத்தது."

"அப்பிடி யாரும் சொல்லலியே" என்றாள் பூவம்மா.

சத்தம் கேட்டு ஞானதுரை வெளியே வந்தார், பின்னாலேயே அவர் மனைவி டெபோரா. ஞானதுரை அடுக்கையும் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாது இது?" என்றார். ராயபுரம் அவர் வாயிலிருந்து முழுசாகப் போய்விடவில்லை.

"உங்க தட்டு நைனா. கழுவி எடுத்தாந்துட்டோம். பேரு போட்டுகீது, பாத்துக்கோ" என்றாள் பூவம்மா.

அவர் துணியை எடுத்துவிட்டு விரலால் சர்க்கரையை ஒதுக்கினார். அவர் பேர் வெளியே வந்தது. அலெக்ஸாண்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஞானதுரை திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் வாய் மூடிக்கொண்டது.

டெபோராவும் ராயபுரத்துப் பெண்தான். சர்க்கரையைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சங்கடத்தில் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே, "ஒரு கையால வாங்கக்கூடாதுங்க. ரெண்டு கையையும் நீட்டுங்க" என்று புருஷனிடம் சொன்னாள்.

ஞானதுரை இரண்டு கையையும் நீட்டினார். பூவம்மா கொடுத்தாள்.

சங்கமித்ரா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பைண்டு புத்தகத்தில் முதலிலிருந்து கடைசிவரை தேடின படம் இது. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தபோது அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். "டீ சாப்ட்டுப் போங்க" என்று டெபோரா கூப்பிட்டாள். வேண்டாம் என்று சொல்ல சங்கமித்ராவுக்குத் தோன்றவில்லை. குடித்துவிட்டுத்தான் வந்தார்கள்.

இதோடு ஞானதுரை திருந்தினார், ஏழைகளுக்கு ஓடி ஓடி உதவினார் என்றெல்லாம் எழுதினால் பொய்யாகிவிடும். மறுவாரம் அலெக்ஸாண்டர் போனில் கூப்பிட்டு, ஈஸ்டர் குடம் வேண்டாம் என்று நெல்சனிடம் சொல்லிவிட்டார். நெல்சன் கெட்டவர் இல்லை. ஆனாலும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"எம்மா, அவுரு குடுத்தத வாங்கிகினு சும்மா இருந்தா இன்னா? ஊருக்கே பெரிய மனுசியா நீ? நாளைலேர்ந்து வேற எடம் பாத்துக்கோ."

சங்கமித்ரா ஒயரைச் சுருட்டி, முக்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பஸ் ஸ்டாப் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் எழில்மொழி தன் பிளக் ஒன்றைக் கொடுத்தாள். ஆனால் தையல் கடை வாசலில் யார் பாத்திரம் வாங்குவார்கள்? புதுப் பாத்திரம் வாங்குகிற இடத்தில் உட்கார்ந்தால்தான் பேர் வெட்டுகிறவளுக்குப் பிழைப்பு. சும்மா உட்கார்ந்திருந்த பகல்களில் தப்புப் பண்ணிவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றியதுண்டு. மகிழினியிடம் போனில் அதைச் சொல்லவில்லை. நன்றாக ஓடுகிறது என்றாள்.

பென்ஷன் வந்த அன்றைக்குப் பூவம்மா வெயிலில் வேர்க்க விறுவிறுக்க வந்தாள். கையில் காகிதம் சுற்றின புதுத் தட்டு. நெல்சன் கடையிலேயே போய்ப் பேரம் பேசி வாங்கியிருந்தாள். அந்த ஆளை ரெண்டு கேள்வி கேட்டுவிட்டும் வந்திருந்தாள்.

சங்கமித்ரா மிஷினை எடுத்தாள். "மூணு புள்ளிதானக்கா?"

"இத்தினி நாளு புள்ளி வெச்சது போதும். பேரு வெட்டு. முழுப் பேரு."

"சரி. ஓரத்துலயே வெட்டிடட்டா?"

"நடுவுல வெட்டு. பெருசா."

"நடுவுல வெட்டினா சோறு மறைச்சுடுமேக்கா."

பூவம்மா எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தட்டு ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மறைக்கட்டுமே. துன்னு முடிச்சா தெரியும் இல்ல."